இது குடிநீர் அல்ல

எங்கள் ஸ்டூடியோவில் ஏசி முன்னறைக்கு மட்டும்தான். படமெடுக்க வருகிறவர்களின் மேக்கப் வழிந்துவிடக் கூடாது என்பது காரணம். எடிட்டிங் செய்யும் நான் பின்னறையில், மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். செஞ்சியில் வெயில் இறங்கியதும் சூடு இறங்கிவிடுவதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறைக் குன்றுகள் மாலையில்தான் அனலை விடத் தொடங்கும். தலைக்கு மேலிருந்த கான்கிரீட்டும் அப்படியே. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த அறையில் வேலை செய்த எனக்கு அது பழகிவிட்டது. கம்ப்யூட்டருக்குப் பழகவில்லை.

ஒரு கல்யாணத்தின் முழு வீடியோவையும் வெட்டி, கோத்து, நிறம் திருத்தி, பாட்டுச் சேர்த்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே படமாக்கும் கடைசி வேலை ஒன்று உண்டு. ரெண்டரிங் என்போம். அது ஓடும்போது நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. பிராசஸர்தான் மூச்சுவிடாமல் உழைக்கும். சூடு நூறு டிகிரியை எட்டினால், எரிந்துபோகாமல் இருக்க கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். அதுவரை உருவான படம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் கோடையில் அது அடிக்கடி அணைந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெண்ணின் அப்பாவுக்கு என் கணவர் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. சமாதானம் சொல்வதில் அவர் கெட்டிக்காரர். டீ வரவழைப்பார், கோட்டையில் எடுத்த ப்ரீ-வெட்டிங் படங்களைக் காட்டுவார், வந்தவர் சிரித்துக்கொண்டே படியிறங்குவார். அதன் பிறகு பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வருவார். அப்படி வந்த ஒரு நாள்தான் அதைச் சொன்னார்.

"இன்னொரு வாட்டி ஆஃப் ஆச்சுன்னா எல்லாத்தையும் பாண்டிச்சேரிக்கே குடுத்துட்றேன். அங்க பசங்க ஏசில ஒக்காந்து பண்றாங்க. நீ ஏன் இங்க கெடந்து வேவணும்?"

கேட்பவர்களுக்கு அது கரிசனமாகத்தான் தெரியும். பின்னறையை என்ன செய்யப்போகிறார் என்பதையும் சொன்னார். மணப்பெண் நகை செட்டும் பட்டுப்பாவாடையும் வாடகைக்கு விடும் அறை. கண்ணாடி எந்தச் சுவரில் வரும் என்பது வரை யோசித்து வைத்திருந்தார். நான் எங்கே உட்காருவேன் என்று கேட்டேன். கவுண்ட்டரில் ஆள் வேண்டும்தானே என்றார்.

எடிட்டிங்கை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கேசட் காலத்தில் அவர் எடுத்து வந்ததைப் பார்த்துப் பார்த்து, எங்கே வெட்டினால் வலிக்காது என்று நானே கண்டுபிடித்தேன். இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் எத்தனையோ வீட்டு டிவியில் ஓடும் கல்யாணங்கள் அந்த நாற்காலியில் உருவானவை. வீடியோவைப் போட்டுக் கொடுக்கும் பெட்டியின் மேல் அவர் பெயர் இருக்கும். அதைப் பற்றி நான் எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை. நாற்காலி இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே கம்ப்யூட்டர் அணையக் கூடாது. அதை ஒழுங்கான வரிசையில் அணுகினேன். முதலில் தூசி ஊதினேன். பிறகு பிராசஸர் மேலிருந்த காய்ந்த பசையைத் துடைத்துப் புதுப் பசை வைத்தேன். பெரிய விசிறி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு டிகிரி குறைந்தது, அவ்வளவுதான். விசிறி அறைக் காற்றைத்தானே அடிக்கும்? அறைக் காற்றே நாற்பத்திரண்டில் இருந்தது.

தண்ணீரால் குளிர்விக்கும் சாதனம் ரெடிமேடாகவே கிடைக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அன்று மாலை முன்னறையில் உட்கார்ந்திருந்த மண்டப மேனேஜரிடம் அவர் அதை நகைச்சுவையாகச் சொல்வது எனக்குக் கேட்டது. "கம்ப்யூட்டர் மேல தண்ணி ஊத்தணுமாம். வூட்ல யோசன சொல்றாங்க." இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். வாங்கித் தரமாட்டார் என்று தெரிந்துவிட்டது. நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

செய்ய வேண்டிய பொருள் சிறியது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய, விரல் கனமுள்ள தாமிரக் கட்டி. அதன் உள்ளே தண்ணீர் வளைந்து வளைந்து ஓட ஒரு பாதை வேண்டும். அடிப்புறம் பிராசஸரின் மேல் இடைவெளியில்லாமல் பதிய வேண்டும். பிராசஸரின் சூட்டைத் தாமிரம் வாங்கும், தாமிரத்திடமிருந்து தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே போகும்.

தாமிரம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மூடிப்போன ரைஸ் மில் ஒன்றின் கரண்ட் பேனலைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த கனமான பட்டையில் ஒரு துண்டு வாங்கி, திண்டிவனம் ரோட்டில் இருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பாய் டிராக்டர் பின்களும் மோட்டார் ஷாஃப்ட்டுகளும் கடைகிறவர். நான் கோடு போட்டு எடுத்துப்போன படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது, எலிக்கு வளையா?"

"கம்ப்யூட்டருக்கு, பாய். உள்ள தண்ணி ஓடணும்."

"அதுக்கும் ஜுரம் வந்துடுச்சா? ஈரத்துணி போட்டுப் பாத்தியா?"

பக்கவாட்டிலிருந்து நீளவாக்கில் மூன்று துளை, அவற்றை இணைக்கக் குறுக்கே இரண்டு, வெளியே தெரியும் வாய்களையெல்லாம் பித்தளைத் திருகால் அடைப்பது. பாதை தானாக வளைந்துவிடும். முதல் துண்டில் அவருடைய டிரில் பிட் சாய்ந்து அடிப்புறத்தைப் பொத்துக்கொண்டு வந்தது. செம்பு இழுக்கிறது, நான் என்ன செய்ய என்று செம்பின் மேல் பழி போட்டார். இரும்பைத் துளைக்கும் வேகத்தில் துளைத்தீர்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது துண்டை நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். நான் தினமும் போய் நின்றேன். கடைசியில் நான் போய் நிற்பது தாங்காமல்தான், மண்ணெண்ணெய் விட்டு விட்டு மெதுவாகத் துளைத்துக் கொடுத்தார். மேலே தண்ணீர் வரவும் போகவும் இரண்டு பித்தளை நாசில்கள், காஸ் அடுப்பு ட்யூப் மாட்டுவது போன்றவை.

கசிகிறதா என்று பார்க்கப் பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்குப் போனோம். ஒரு நாசிலை அடைத்து, மற்றதில் காற்று ஏற்றி, ட்யூபை முக்கும் தொட்டியில் முக்கினார்கள். ஒரு திருகிலிருந்து முட்டை முட்டையாகக் குமிழி வந்தது. பாய் அதை இறுக்கினார். மறுபடி முக்கியபோது தண்ணீர் அசையவில்லை. "போ, உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்.

அடிப்புறத்தை வீட்டில் நானே தேய்த்தேன். கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, எட்டு போடுவது போல் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான தாளில் தொடங்கி வழவழப்பானதில் முடிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு மூலை தேய்ந்து சாய்ந்துவிடும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தார்.

"பாத்திரம் தேய்க்கிறத கம்ப்யூட்டருக்கும் கொண்டாந்துட்டியா?"

மேலே எரிந்த ட்யூப்லைட்டின் பிம்பம் தாமிரத்தில் நெளியாமல் நேர்கோடாகத் தெரியும்வரை தேய்த்தேன்.

சூடான தண்ணீரை மறுபடி குளிர்விப்பதுதான் மீதமிருந்த கேள்வி. சின்ன ரேடியேட்டர்கள் எல்லாம் அலுமினியம். தாமிரமும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும் என்று படித்திருந்தேன். அதனால் மண்பானை. கோடையில் பானைத் தண்ணீர் தானாகவே குளிர்ந்துகொள்ளும், அதற்குக் கரண்ட் வேண்டாம். பின்னறைக்கு வெளியே வராண்டாவில், காற்று வரும் ஜன்னலோரம் வளையத்தின் மேல் பெரிய பானையை வைத்தேன். அதற்குள் பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் குட்டிப் பம்பு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூபை வென்டிலேட்டர் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். போர் தண்ணீர் உப்பு, துளைக்குள் படியும் என்பதால் கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். மரமூடியின் ஓரத்தை ட்யூப் போகும் அளவுக்கு அறுத்துவிட்டேன்.

முதல் நாள் பழைய கல்யாணம் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். சூடு அறுபத்தெட்டு வரை போய் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. படம் முடியும்வரை நான் திரையின் மூலையில் இருந்த அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைய நாட்குறிப்பில் "வேலை செய்கிறது" என்று மட்டும் எழுதினேன்.

அடுத்து வந்த கல்யாணங்கள் தடையில்லாமல் முடிந்தன. என் கணவர் வருகிறவர்களைப் பின்னறைக்கு அழைத்து வந்து காட்டத் தொடங்கினார். பானை, ட்யூப், உள்ளே மினுங்கும் தாமிரம். "நம்ம ஐடியா சார், எல்லாம் லோக்கல் மெட்டீரியல்" என்பார். பார்த்தவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். நான் திரையைப் பார்த்து வேலை செய்தேன். பாண்டிச்சேரிப் பேச்சு நின்றிருந்தது, அது போதும்.

ஆனால் ஒரு தொல்லை முளைத்தது. கோடையில் ஈரத்துணி சுற்றிய பானையைப் பார்த்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். படமெடுக்க வந்தவர்கள், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், கூரியர் கொண்டுவருகிறவர், எல்லோரும் மூடியைத் திறந்து மொண்டு குடித்தார்கள். ட்யூபைப் பார்த்து, புது மாதிரி ஃபில்டர் என்று நினைத்தார்களாம். தண்ணீர் மட்டம் இறங்கினால் பம்பு காற்றை இழுக்கும், பம்பு நின்றால் பிராசஸர் நிமிடங்களில் கொதித்துவிடும். நான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சீட்டில் "இது குடிநீர் அல்ல" என்று எழுதிப் பானையின் கழுத்தில் ஒட்டினேன்.

சாயங்காலம் பார்த்தபோது சீட்டு இல்லை. கிழித்தது அவர்தான். மறைக்கவும் இல்லை.

"பானைய வெச்சிக்கினு குடிக்காதன்னு எழுதி ஒட்டுவாங்களா யாராவது? நாலு பேர் வர்ற எடம். பாக்குறவங்க நம்மள பத்தி இன்னா நெனைப்பாங்க?"

தண்ணீர் குறைந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்றேன். கேன் தண்ணீர்தானே, குடித்தால் ஊற்றிக்கொள் என்றார். பானையை அறைக்குள் எடுத்துவந்தால் காற்று கிடைக்காது, தண்ணீர் குளிராது. அதனால் அது வராண்டாவிலேயே இருந்தது. அடுத்த நாள் மூடியின் மேல் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. அதை வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே ஊரை அடைத்துக்கொண்டு போய்வந்தன. அன்றுதான் ஒரு மாப்பிள்ளைக்கு வீடியோ கொடுக்க வேண்டும். சாயங்காலம் சென்னைக்குக் கிளம்பி அங்கிருந்து துபாய் போகிறவர். பென் டிரைவில் எடுத்துப் போக ஆசைப்பட்டார். காலையிலேயே ரெண்டரிங்கைத் தொடங்கிவிட்டு, பானையை நிரப்பினேன். கேனில் இருந்ததை முழுக்க ஊற்றிவிட்டேன். கூட்டத்தில் கேன் வண்டி அன்று வரவில்லை.

மதியத்துக்கு மேல் என் கணவர் என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். கவுண்ட்டரில் நெரிசல். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து வெட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. ரெண்டரிங் ஓடுகிறது என்றேன். அது தானாக ஓடும், நீ ஏன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது. போனேன்.

அப்போது ஒரு வேனிலிருந்து ஒரு குடும்பமே மேலே ஏறி வந்தது. அங்காளம்மனுக்கு மொட்டையடித்து, சந்தனம் பூசிய குழந்தையைப் படமெடுக்க வேண்டும். பெரியவர்கள், பெண்கள், பிள்ளைகள் என்று முன்னறை நிறைந்துவிட்டது. வெயிலில் வந்த முகங்கள். ஒரு பெண் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். என் கணவரின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"பின்னாடி வராண்டால பானத்தண்ணி இருக்குது. ஜில்லுனு இருக்கும். போய்க் குடிங்க, எல்லாரும் போங்க."

"ஏங்க, அந்தப் பானை வேணாம். கீழ கடைல பாட்டில் வாங்கியாறச் சொல்லுங்க" என்றேன்.

"நீ கைல இருக்கிற வேலயப் பாரு. இவருக்கு நாலு ஃபோட்டோ வெட்டிக் குடு."

எதிரே ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பஸ். நான் அவருடைய படங்களை வெட்டினேன். கத்தி நேராகப் போக வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பிசிறும். வெட்டி, கவரில் போட்டு, கொடுத்துவிட்டு, வராண்டாவுக்கு ஓடினேன்.

அவர்கள் குடித்து முடித்திருந்தார்கள். கடைசியாக ஒரு வயதான அம்மா பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வழிப்பயணத்துக்காக பாட்டிலில் நிரப்பிக்கொண்டிருந்தார். பம்பு அடியில் கிடந்து ஊளையிட்டது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மா சிரித்தார்.

"செம்புல வெச்ச தண்ணி மாதிரி இருக்குதும்மா. நீ நல்லா இருக்கணும்."

உள்ளே திரை கறுத்திருந்தது.

பிராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே கடையில் பாட்டில்களை வாங்கி வந்து ஊற்றி, மறுபடி போட்டதும் சூடு ஒழுங்காக இறங்கியது. தாமிரக் கட்டியில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. நான் செய்தது எதுவும் பழுதாகவில்லை. ஆனால் படத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வந்தபோது பாதி கூட முடியவில்லை. கார் கீழே நின்றிருந்தது. மாப்பிள்ளை இறங்கி மேலே வரவேயில்லை.

என் கணவர் டீ வரவழைத்தார். "சிஸ்டம் மக்கர் பண்ணிடுச்சு சார். வூட்ல ஏதோ தண்ணி கனெக்‌ஷன் குடுத்து வெச்சிருந்தாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார்.

அந்தப் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகக் கூட இல்லை, தெரியாத வேலையில் கைவைத்த பிள்ளையைப் பார்ப்பது போல. "கரண்ட்ல போய் தண்ணிய வெப்பாங்களாம்மா?" என்றார்.

"பானைல இருந்த தண்ணிய இவர்தான் எல்லாரையும் குடிக்கச் சொன்னாரு" என்றேன்.

முன்னறையில் இன்னும் சிலர் இருந்தார்கள். என் கணவர் அவர்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மெதுவாக, வருத்தம் தோய்ந்த குரலில் கேட்டார்.

"கோயிலுக்குப் போய்ட்டு தாகம்னு வந்தவங்கள, மொட்டையடிச்ச கொழந்தைய வெச்சிக்கினு வந்தவங்கள, தண்ணி இல்லன்னு அனுப்பச் சொல்றியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி அனுப்பச் சொல்லவில்லை, கீழே கடை இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, நீங்கள் தானம் செய்தது என் வேலையை என்று சொல்லியிருக்கலாம். சொல்லி முடிப்பதற்குள், தாகத்துக்குத் தண்ணீர் தர மறுத்தவளாக நான் ஆகியிருப்பேன். ஊரில் அவர் நல்ல மனுஷன். அதில் எனக்கும் சந்தேகமில்லை. அவர் கொடுப்பதில் பெரும்பாலானவை என்னுடையவையாக இருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் என் எதிரிலேயே பாண்டிச்சேரிக்குப் போன் செய்தார். அந்த வாரமே பின்னறைக்குக் கண்ணாடி வந்தது. யோசித்து வைத்திருந்த அதே சுவரில் மாட்டினார்கள். நான் கவுண்ட்டருக்கு வந்தேன். அங்கே ஏசி இருக்கிறது. வருகிறவர்கள் எனக்கு இப்போது வசதி என்கிறார்கள். அவரும் அதையே சொல்லிக்கொள்கிறார்.

பாண்டிச்சேரிக்கு முதலில் போனது மேல்சித்தாமூரில் ஒரு நயினார் வீட்டுக் கல்யாணம், சமணக் குடும்பம். ஹார்ட் டிஸ்க்கைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பும் வேலை எனக்கு. எடிட் செய்கிற பையனுக்குக் கூட்டத்தில் யார் யார் என்று தெரியவில்லை. எங்கள் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தான். நான் எடுத்தேன். வாட்ஸாப்பில் ஒவ்வொரு முகமாக அனுப்பிக் கேட்டான். பச்சைச் சால்வை பெண்ணின் தாய்மாமன், அவரை எங்கேயும் வெட்டாதே என்றேன். ஊரிலுள்ள சமண மடத்துக்குப் போய்க் கும்பிடுகிற இடம் நீளமாக இருக்கிறது, குறைக்கலாமா என்றான். அதில் கை வைக்காதே, அவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள் என்றேன். மூலையில் தனியாக நிற்கும் பெரியவர் மாப்பிள்ளையின் அப்பாவோடு பேச்சுவார்த்தையில் இல்லாத அண்ணன், இருவரும் ஒரே ஃப்ரேமில் வரும் ஒரே இடம் அது, அதை எடுத்துவிடாதே என்றேன். கல்யாணத்துக்கு முன்பு நான் அந்த வீட்டுக்கு ஆல்பம் காட்டப் போயிருந்தபோது தெரிந்துகொண்டது. எல்லாவற்றையும் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னேன். அரைகுறையாகச் சொல்லிப் பழக்கமில்லை.

"சூப்பர்க்கா, எல்லாம் தெரிஞ்சி வெச்சிருக்கீங்க" என்றான். "நீங்க அங்க கவுண்ட்டர்ல இருக்கீங்களா?"

"ஆமா" என்றேன்.

அடுத்த முகத்தை அனுப்பினான். பெண்ணின் அத்தை என்று சொன்னேன்.